படகில் எழுதிய பாஸ்வேர்டு

எங்கள் கடற்கரையில் பாதிப் பேருடைய பாஸ்வேர்டு படகில் பெயின்ட்டால் எழுதியிருக்கும். யார் வேண்டுமானாலும் போய் நின்று படித்துக்கொள்ளலாம். மணலில் ஏற்றி வைத்த வள்ளத்தின் முன்பக்கம் ஒரு பெயர், பெரும்பாலும் ஒரு புனிதருடையது. அதற்குப் பக்கத்தில் மீன்துறை கொடுத்த பதிவு எண். பெயரை ஆங்கிலத்தில் அடித்து, முதல் எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு @ போட்டு, எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைச் சேர்த்தால் முடிந்தது. அந்த @ ஒன்றுதான் படகில் இல்லாதது. அதையும் எல்லோருக்கும் நான்தான் கொடுத்தேன்.

தூத்துக்குடியில் கடலைப் பார்த்து இறங்கும் ஒரு தெருவில் ப்ரௌசிங் சென்டர் வைத்திருக்கிறேன். இப்போது அங்கே யாரும் ப்ரௌஸ் செய்ய வருவதில்லை, அதற்கு எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. ஆதார் திருத்தம், சாதிச் சான்றிதழ், ஹால் டிக்கெட், பாஸ்போர்ட் என்று அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வருகிறார்கள். நான் உடன்குடிப் பக்கத்துக்காரன். அப்பா கருப்பட்டி மண்டி வைத்திருந்தார். கடலுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, நீச்சல்கூடத் தெரியாது. ஆனாலும் இந்தத் தெருவில் எந்த வீட்டுக்கு எந்த வள்ளம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாஸ்வேர்டு போட்டுத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை வரும்போது சீட்டும் இருக்காது, ஞாபகமும் இருக்காது. "நீங்கதான அண்ணாச்சி போட்டீய, உங்களுக்குத் தெரியாதா?" என்பார்கள். பிறந்த தேதியைப் போட்டுப் பார்த்தேன். பலருக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த தேதி ஒன்று, ஞானஸ்நானச் சான்றிதழில் இருக்கும் தேதி ஒன்று. எதைப் போட்டோம் என்பதில் எனக்கே குழப்பம். கடைசியில்தான் வள்ளத்தின் பெயர் தோன்றியது. அதை மட்டும் யாரும் மறப்பதில்லை. ஏதோ பெரிய கண்டுபிடிப்பைச் செய்துவிட்ட மாதிரி நான் அப்போது பூரித்துப் போனேன்.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் செய்தேன். கடலுக்குப் போன ஆளின் போனுக்கு ஓ.டி.பி. வந்தால், அவர் கரை ஏறுவதற்குள் அதன் பத்து நிமிட ஆயுள் முடிந்துவிடும். சிலர் மாதம் ஒரு சிம் மாற்றுவார்கள். அதனால் எல்லா விண்ணப்பத்திலும் கைபேசி எண் என்ற கட்டத்தில் என் எண்ணையே போட்டேன். நாள் முழுக்க என் போன் டிங் டிங் என்று அடிக்கும். நான் மீன் ஏலக்காரர் மாதிரி உரக்கப் படிப்பேன். யாருக்கு வந்ததோ அவர் அடித்துக்கொள்வார். அந்தச் செய்தியின் கடைசியில் இதை யாருடனும் பகிர வேண்டாம் என்று ஒரு வரி இருக்கும். இலக்கங்கள் முடிந்ததும் நான் நிறுத்திவிடுவதால் அந்த வரி வரைக்கும் போனதில்லை.

பாதுகாப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்க வேண்டாம். தெரிந்து அலுத்துப் போனவன் நான். கடையில் மூன்று கம்ப்யூட்டர்கள். முதல் இரண்டும் தாமாகவே அப்டேட் ஆகிக்கொள்ளும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பிறகு ஏதாவது ஒன்று இடம் மாறியிருக்கும். நேற்று வரை மேலே இருந்த பிரின்ட் பொத்தான் இன்று மூன்று புள்ளிக்குள் ஒளிந்திருக்கும். பி.டி.எஃப். கோப்பைத் திறக்கச் சொன்னால் இறக்கும், இறக்கச் சொன்னால் திறக்கும். உப்புக் காற்றில் அரித்துப்போன யு.எஸ்.பி. துளைகளோடு நான் ஏற்கெனவே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கைரேகைக் கருவியைத் துடைத்துத் துடைத்து வைத்தாலும், கயிறு இழுத்து ரேகை தேய்ந்த விரல்களை அது ஏற்காது. இத்தனைக்கும் நடுவில் வண்ண பலூன்களோடு ஒரு பக்கம் திறந்து, புதிய அனுபவத்துக்கு வரவேற்கிறோம் என்று சொல்லும்.

மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் மட்டும் பழைய பிரவுசரை வைத்திருந்தேன். சில தளங்கள் அதில்தான் முழுதாகத் திறக்கும். புதியதில் போனால் பட்டியல் விரியாது, அல்லது சமர்ப்பி என்ற பொத்தானே வராது. "அப்டேட் கொடுக்காதே" என்று மார்க்கரில் எழுதி அந்தத் திரையின் நெற்றியில் ஒட்டியிருந்தேன். அது தினமும் கேட்கும். முக்கியமான பாதுகாப்பு ஓட்டை ஒன்று கண்டறியப்பட்டுள்ளது, இப்போதே புதுப்பிக்கவா, பிறகு நினைவூட்டவா என்று. நான் "பிறகு" என்பதை அழுத்துவேன். எத்தனை வருடமாக என்று தெரியாது. அந்த எச்சரிக்கை வரும் இடத்துக்கு என் கை கேட்காமலே போய்விடும். உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று சிவப்பாக ஒரு பக்கம் வந்தால், அதிலும் பரவாயில்லை போ என்று அர்த்தம் வருகிற இடம் எங்கே என்று தெருவுக்கே கற்றுக் கொடுத்திருந்தேன்.

ஒரு நாள் அந்த ஓட்டைச் செய்தி வந்தபோது பக்கத்தில் ஒரு வள்ளக்காரர் உட்கார்ந்திருந்தார். பல வருட வாடிக்கை. அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர். மகன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான், மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். அவர் திரையைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஓட்டைன்னு போட்டிருக்கு. எங்கன ஓட்ட?"

"இந்தப் பிரவுசர்ல."

"வள்ளத்துல ஓட்ட உண்டுன்னா தண்ணி வரும். இதுல என்ன வரும் அண்ணாச்சி?"

"ஆள் வருவான்" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு "பிறகு" என்பதை அழுத்தினேன்.

அடுத்த ஆவணியில் அவர் மகள் நர்சிங் கவுன்சிலிங்குக்கு என் கடைக்கு வந்தாள். நல்ல மார்க். கல்லூரிகளை விருப்ப வரிசையில் அடுக்கிச் சேமிக்க வேண்டும். குறித்த நாள் மாலை ஐந்து மணி வரை மாற்றிக்கொள்ளலாம், அதற்குப் பிறகு பூட்டிவிடுவார்கள். என் கடையில் மூன்றாம் நம்பரில்தான் அந்தத் தளம் திறந்தது. அவளே மவுசைப் பிடித்துக்கொண்டாள். முதலில் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி, பிறகு சேலம், பிறகு மதுரை. நம் ஊர்க் கல்லூரியைத் தாண்டிக் கீழே போனாள்.

"ஏளா, இங்கனயே ஒண்ணு இருக்கே. சும்மா கடைசியிலயாவது போட்டு வையேன்."

"வேண்டாம் அண்ணாச்சி. அது லிஸ்ட்டுலயே வேண்டாம்."

"ஏன், வீட்டுச் சாப்பாடு புடிக்கலியா?"

அவள் சிரிக்கவில்லை. "காத்து அடிச்சா எங்க வீட்ல யாரும் பேச மாட்டாவ. அப்பா கரைக்கு வார வரைக்கும் அம்ம குசினில அடுப்ப விட்டு நகர மாட்டா. நா சின்னப் புள்ளையில இருந்து அந்தக் காத்தத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். அது கேக்காத ஊர்ல ஒரு நாலு வருஷம் இருந்து படிக்கணும்."

அவள் அடுக்கியபடியே சேமித்தோம். என் போனுக்கு எண் வந்தது, படித்தேன், அடித்தாள். பட்டியலை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அவளிடமும் ஒன்றை வாசலில் நின்றிருந்த அவள் அப்பாவிடமும் கொடுத்தேன். விண்ணப்ப எண் அதில் மேலேயே தடித்த எழுத்தில் இருக்கும். பாஸ்வேர்டு வழக்கம் போல அவர்கள் வள்ளத்தின் பெயர். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன், இன்னும் அந்த வீட்டில் யாராவது அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம்.

பட்டியல் பூட்டுகிற நாளன்று மதியம் மின்சாரம் போய்ப் போய் வந்தது. மூன்றாவது முறை வந்தபோது மூன்றாம் நம்பர் நீலத் திரையில் நின்றது. புதுப்பிப்புகள் நடைபெறுகின்றன, கணினியை அணைக்க வேண்டாம், முப்பது சதவீதம். இத்தனை வருடம் "பிறகு" என்று சொன்னதற்கெல்லாம் சேர்த்து அந்தப் "பிறகு" வந்துவிட்டது. அரை மணி நேரம் கழித்து அது விழித்தபோது பழைய பிரவுசர் இல்லை. சேமித்து வைத்த பக்கங்கள் இல்லை. பலூன்கள் மட்டும் இருந்தன. கைரேகைக் கருவியை யாரென்றே தெரியாத மாதிரி அது நடந்துகொண்டது. ஒரு பெரியவர் கட்டைவிரலை நீட்டியபடியே நின்றார். ஏழெட்டுப் பேர் வரிசையில். நான் மேசைக்கு அடியில் குனிந்து ஒயரைப் பிடுங்கிச் சொருகிக்கொண்டு, "சவம், சவம்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது போன் அடித்தது. அந்தப் பெண்ணின் அப்பா.

"அண்ணாச்சி, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். பாத்துச் சொல்லுங்க."

மேசைக்கு அடியில் இருந்தபடியே பார்த்தேன். வந்திருந்தது. ஆறு இலக்கங்களைப் படித்தேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். கடைசி இரண்டை இன்னொரு தரம் கேட்டார், சொன்னேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு இருபது முப்பது எண் படிக்கிறவன், எதைத்தான் எதற்கு என்று கேட்பேன்? "சரி அண்ணாச்சி" என்று அவர் வைத்துவிட்டார். நான் மறுபடி ஒயரைச் சொருகினேன்.

ஒரு வாரம் கழித்து ஒதுக்கீட்டு ஆணை வந்தது. அப்பாவும் மகளும் சேர்ந்தே வந்தார்கள். அவள் புதுச் சுடிதார் போட்டிருந்தாள். பழைய பிரவுசரைத் திரும்ப ஏற்றியிருந்த மூன்றாம் நம்பரில் பக்கம் திறந்தது. நம் ஊர்க் கல்லூரி. அவள் வீட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம்.

"இது என்னது இல்ல" என்றாள். "வேற யாரோடதோ வந்திருக்கு. பேரப் பாருங்க அண்ணாச்சி."

பேர் அவளுடையதுதான். விருப்பப் பட்டியலைத் திறந்தேன். முதல் இடத்தில் நம் ஊர். கோயம்புத்தூர் கீழே போயிருந்தது. கடைசியாக மாற்றிய நேரம் என்று ஒரு மூலையில் சின்னதாக இருந்தது. நாளும் பூட்டுகிற நாள், நேரமும் நான் மேசைக்கு அடியில் இருந்த நேரம். என் போனை எடுத்துப் பழைய செய்தியைத் தேடினேன். உங்கள் விருப்பப் பட்டியலை மாற்றுவதற்கான எண் என்று முதல் வரியிலேயே ஆங்கிலத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. அப்போதுதான் முதல் முறையாக ஓர் ஓ.டி.பி.யைக் கடைசி வரி வரைக்கும் படித்தேன்.

தலையைத் தூக்கினால் வாசலில் அவள் அப்பா. கதவு நிலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மிரட்டலாக ஒன்றும் பார்க்கவில்லை. பொறு என்று கேட்கிற மாதிரி இருந்தது.

"எப்படி மாறிச்சு அண்ணாச்சி?" என்று அவள் கேட்டாள்.

"அப்டேட் ஆயிட்டும்மா" என்றேன். "அன்னைக்கு இந்தச் சவம் தானா அப்டேட் ஆயிட்டு. அதுல மாறியிருக்கும்."

வருடக்கணக்கில் எல்லாவற்றுக்கும் சொன்ன பதில் அது. பிரின்ட் வரவில்லையா, அப்டேட். படம் ஏறவில்லையா, அப்டேட். யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை. அவளும் பேசவில்லை. திரையின் நெற்றியில் நான் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தாள். அப்டேட் கொடுக்காதே. கண் கலங்கிவிட்டது. "அப்போ அவங்களுக்கு எழுதிக் கேக்கலாம்லா? நம்ம தப்பு இல்லியே" என்றாள். ஆமாம், எழுதலாம் என்று நானே உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒரு புகார் அடித்தேன். பிரவுசர் அப்டேட்டின் காரணமாக மாணவியின் விருப்பப் பட்டியல் மாறிவிட்டது என்று. பொய் என்று தெரிந்து அடித்த அந்தக் கடிதத்தில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. அனுப்பியும் விட்டேன்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவர்மேல் வராவிட்டாலும் என்மேலாவது வந்திருக்க வேண்டும். வெகு நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது அல்லவா, அப்படித்தான் இருந்தது உள்ளே. அடுத்தவரைக் கூப்பிட்டேன். வருமானச் சான்றிதழ்.

மறுநாள் காலையில் அவர் தனியாக வந்தார். கடையில் யாரும் இல்லை.

"பிள்ளைட்ட ஒண்ணும் சொல்லலியே?"

"இல்ல."

"மூத்தவன் கப்பல்ல போயிட்டான். இவளும் போயிட்டா, நா கடலுக்குப் போற அன்னைக்கு அவ அம்மைக்கு யாரு இருக்கா, சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில காயிதத்தக் காட்டி மாத்தச் சொன்னேன், நல்லதுக்குத்தான் செஞ்சேன் அண்ணாச்சி. படிக்க வேண்டாம்னா சொன்னேன்?"

"சரி" என்றேன்.

"நீங்க சொன்னதே இருக்கட்டும். அப்டேட்டுன்னே இருக்கட்டும்."

ஒரு பையில் இரண்டு சீலா மீன் கொண்டு வந்திருந்தார். மேசையில் வைத்துவிட்டுப் போனார். வீட்டுக்கு எடுத்துப் போனேன், மனைவி குழம்பு வைத்தாள். குழம்பு நன்றாக இருந்தது. இரண்டாம் தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். இதையும் சொல்லிவிடத்தான் வேண்டும்.

புகாருக்குப் பதில் வந்ததா என்று நான் தொடங்கிக் கொடுத்த அவள் மெயிலை அவ்வப்போது திறந்து பார்ப்பேன். திறப்பதற்கு என்ன, பாஸ்வேர்டுதான் கடற்கரையில் கிடக்கிறதே. நல்ல எண்ணத்தில் பார்க்கவில்லை. பதில் வந்தால் அவளுக்கு முன்பே பார்த்து அழித்துவிட வேண்டும் என்றுதான் பார்த்தேன். அவள் கல்லூரியில் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும், பதில் வந்திருந்தது. விருப்பப் பட்டியல், பதிவு செய்த கைபேசிக்கு அனுப்பிய ஓ.டி.பி.யைக் கொண்டு முறைப்படி மாற்றப்பட்டுள்ளது. பிரவுசருக்கும் இதற்கும் தொடர்பில்லை. கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் இவை.

என் எண். கடை போர்டில் சிவப்புப் பெயின்ட்டில் முழம் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கும் எண். அவர்கள் வள்ளத்தைப் போலவே அதையும் தெருவில் போகிற யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அழிக்கப் போன கை நின்றுவிட்டது. திறக்காத கடிதம் என்றால் தடித்த எழுத்தில் தெரியும். இது மெலிந்த எழுத்தில் இருந்தது. எனக்கு முன்பே யாரோ திறந்து படித்திருந்தார்கள். கல்லூரியில் சேர்ந்ததற்கு அப்பா அவளுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் எனக்கு வெட்கமாக இருந்தது. கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் போகவில்லை.

தெருவில் அவளைப் பார்த்தால் சிரிப்பாள், பழைய மாதிரியே. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. நானாக அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று பல நாள் நினைத்தேன். நாளை என்று நினைப்பேன். "பிறகு" என்பதை அழுத்திப் பழகிய கை.

தை மாதம் ஒரு மாலை அவள் தனியாகக் கடைக்கு வந்தாள். கல்லூரிச் சீருடை, தோளில் பை. புதுப் போன் கையில் இருந்தாலும் நேராக மூன்றாம் நம்பரில் போய் உட்கார்ந்தாள். அந்தக் காகிதத்தை நான் கிழித்துவிட்டிருந்தேன், பசை மட்டும் திரையின் நெற்றியில் கறுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, எதுவும் ஃபார்மா?" என்றேன்.

"இல்ல அண்ணாச்சி. எல்லாத்துலயும் நம்பர மாத்தணும். மொதல்ல உங்க போனுக்கு ஒண்ணு வரும். அத மட்டும் சொல்லிருங்க."

வந்தது. முதல் வரியிலிருந்து படித்தேன். கைபேசி எண்ணை மாற்றுவதற்கான எண். ஆறு இலக்கங்களையும் மெதுவாகப் படித்தேன். யாருடனும் பகிர வேண்டாம் என்பதையும் சேர்த்தே படித்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு பாஸ்வேர்டை மாற்றினாள். நாற்காலியைச் சற்றே திருப்பி, முதுகு என் பக்கம் இருக்கும்படி வைத்துக்கொண்டாள். இடது கையைக் குடை மாதிரி விசைப்பலகையின் மேல் பிடித்துக்கொண்டு வலது கையால் அடித்தாள். சத்தம் மட்டும் கேட்டது. வள்ளத்தின் பெயரைவிட நீளமாக இருந்தது. இந்தப் பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று பிரவுசர் கேட்டது. அந்தக் கேள்விக்குக் கீழே, நானும் இந்தத் தெருவும் இதுவரை தொடாத ஒரு பொத்தான் இருக்கிறது. ஒருபோதும் வேண்டாம் என்பது. அவள் அதை அழுத்தினாள்.

"ஆயிட்டாம்மா?" என்று கேட்டேன்.

அவள் எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "ஆயிட்டு அண்ணாச்சி" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, சாதாரணமாக, "அப்டேட் பண்ணிட்டேன்" என்றாள்.

அவள் படி இறங்கிப் போவதற்குள் போன் மறுபடி அடித்தது. உங்கள் எண் இந்தக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது என்று வந்திருந்தது. பழக்கதோஷம், உரக்கப் படித்துவிட்டேன். கடையில் இருந்த இரண்டு பேரும் அது தங்களுக்கா என்று கேட்டார்கள். இல்லை, எனக்குத்தான் என்றேன்.